ஜனாதிபதி தேர்தல்: தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. எல்லாருக்கும் ஓட்டு மதிப்பு ஒரே 176-ஆ?

பெருந்துறையான்: கவுண்டம்பாளையத்துல வாக்காளர் எக்கச்சக்கம், வால்பாறையில கம்மிங்க. ரெண்டு எம்.எல்.ஏ. ஓட்டுக்கும் எப்படி ஒரே மதிப்பு?

கணக்குப்புலி: தொகுதிக் கணக்கே இதுல இல்லைங்க. மாநிலத்தோட 1971 மக்கள்தொகை 4,11,99,168. அதை எம்.எல்.ஏ.க்கள் எண்ணிக்கையான 234-ஆல வகுத்து, திரும்ப 1000-ஆல வகுத்தா 176; அதுதான் ஒரு எம்.எல்.ஏ. ஓட்டோட மதிப்பு. மீதி 500-ஐத் தொட்டா ஒண்ணு கூடும்; நமக்குத் தொடலை. உ.பி.க்கு 208, சிக்கிமுக்கு வெறும் 7. நியமன எம்.பி.க்களுக்கு ஓட்டே இல்லை.

பெருந்துறையான்: கட்சிக்காரங்க எப்படி ஓட்டுப் போடணும்னு உத்தரவு போடுற கொறடா சொன்னபடிதான் போடணுமுங்களா?

பவானிக்கரை: கொறடா உத்தரவு இதுக்குச் செல்லாதுங்க, ரகசிய ஓட்டு. ஆணையம் குடுக்குற பேனாவுலதான் எழுதணும். வேட்பாளர் பேருக்கு நேரா, விருப்ப வரிசைப்படி 1, 2ன்னு இலக்கம் போடணும். "ஒன்று"ன்னு எழுத்துல எழுதினா போச்சு. 1 மட்டும் போட்டாலும் செல்லும், 1 இல்லாம 2 மட்டும் போட்டா செல்லாது.

கணக்குப்புலி: அந்த 2-ஐ லேசா நினைக்காதீங்க. செல்லுபடியான மொத்த மதிப்புல பாதிக்கு மேல எடுத்தாத்தான் வெற்றி. 1969-ல தேவை 4,18,169, வி.வி.கிரிக்கு முதல் எண்ணிக்கையில 4,01,515தான். கடைசியில இருந்தவங்களை ஒவ்வொருத்தரா நீக்கி, அவங்க சீட்டுல இருந்த அடுத்த விருப்பத்தைச் சேர்த்த பிறகுதான் ஜெயிச்சார்.