ஹெச்ஐவி உள்ள அக்காவுக்கு பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பு) சிகிச்சை, திருச்சி பக்கம்

அக்காவுக்கு 32 வயது. 2022-ல் பிரசவத்துக்குப் போன இடத்தில் ஹெச்ஐவி என்று தெரிந்ததும் வார்டில் எல்லார் முன்னாலும் கத்தி அவமானப்படுத்தினார்கள். இன்னும் அது கனவில் வந்து அலறி எழுகிறாள். ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே நடுக்கம்.

ஹெச்ஐவிக்கான டிஎல்டி கூட்டு மாத்திரை சாப்பிடுகிறாள். வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. அதில் உள்ள டோலுடெக்ராவிர் மருந்து தூக்கத்தைக் கெடுக்கலாம் என்று டாக்டர் இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றினார். தூக்கம் கொஞ்சம் தேவலை, கனவு நிற்கவில்லை. அப்புறம் மனநல டாக்டர் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு, பதற்ற மாத்திரை கொடுத்தார். படபடப்பு மட்டும் குறைந்தது. ஏஆர்டி மைய (ஹெச்ஐவி மருந்து தரும் மையம்) கவுன்சலிங்கில் மாத்திரையை விடாதீர்கள் என்பதோடு சரி. (அவள் ஒரு வேளைகூட விட்டதில்லை!)

இஎம்டிஆர் (கண்ணசைவைப் பயன்படுத்தி அதிர்ச்சி நினைவுகளை ஆற்றும் முறை) மாதிரி அதிர்ச்சிக்கென்றே உள்ள சிகிச்சையை, ஹெச்ஐவி என்றதும் முகம் சுளிக்காமல், தமிழில் செய்பவர் திருச்சியிலோ மதுரையிலோ வீடியோவிலோ யாராவது இருக்கிறார்களா?