புதுப்பிப்பு: மணி பிளாண்ட் இலைப் புள்ளிகள், காரணம் தெரிந்துவிட்டது
மணி பிளாண்ட் இலைகளில் ஊசி குத்தியதுபோல வெளிர் புள்ளிகள், காம்புகளுக்கிடையே மெல்லிய நூலாம்படை. சத்துக்குறைவா, பூச்சியா என்று கேட்டிருந்தேன்.

சிலந்திப்பேன்தான். இலைக்கடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டியதும், விழுந்த தூசி நடக்க ஆரம்பித்தது! அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. லென்ஸில் பார்த்தால் எட்டுக் கால்.

எட்டுக் கால் என்றால் பூச்சி இனமே இல்லை, சிலந்தியின் உறவு. இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லி மருந்து இதனிடம் எடுபடாது. இதைத் தின்னும் உயிரிகளைக் கொன்று, பேனைப் பெருக்கிவிடவும் கூடும். அதைத்தான் நிறையப் பேர் சிபாரிசு செய்தீர்கள். நன்றி, ஆனால் அடிக்கவில்லை.

செடியைத் தனியே ஒதுக்கி, இலையின் அடிப்பக்கம் நன்றாகப் படும்படி தண்ணீர் பீய்ச்சிக் கழுவினேன். பாதிப் பேன் அதிலேயே போயிருக்கும். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குத் துளி சோப்பு. முதலில் ஒரே இலையில் சோதித்துவிட்டு, வெயில் தாழ்ந்தபின் தெளித்தேன். முட்டைகள் பெரும்பாலும் தப்பிவிடும் என்பதால் 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை திரும்பத் தெளிக்க வேண்டியிருக்கிறது.

புதுத் தளிர் சுத்தமாக வருகிறது. பழைய புள்ளிகள் மறையாது, அதைப் பார்த்து மருந்தைக் குறை சொல்லாதீர்கள். பக்கத்துத் தொட்டிகளையும் தட்டிப் பார்த்து வருகிறேன்; ஒன்றின் மேல் சந்தேகம் இருக்கிறது.