டெக்ஸஸ் கொடிக்கு மட்டும் தனி உயரமா?

கால்வெஸ்டன்காரன்: நேற்று தனிநட்சத்திரம் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அமெரிக்கத் தேசியக் கொடிக்குச் சம உயரத்தில் பறக்கும் உரிமை ஐம்பது மாநிலங்களில் டெக்ஸஸ் கொடிக்கு மட்டும்தானாம், அமெரிக்காவோடு சேர்ந்த 1845 ஒப்பந்தத்தில் வாங்கியதாம். எந்த ஒப்பந்தம்? 1844-ல் போட்டதை செனட் தூக்கி எறிந்துவிட்டது. 1845-ல் வந்தது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கூட்டுத் தீர்மானம். எல்லை, கடன், நிலம் எல்லாம் அதில் இருக்கிறது, கொடி இல்லை. 1942 கொடி விதிப்படி தனித்தனிக் கம்பம் என்றால் எந்த மாநிலக் கொடியும் சம உயரத்தில் பறக்கலாம். ஒரே கயிறு என்றால்தான் தேசியக் கொடி மேலே.

தனிநட்சத்திரம்: ஒன்பது வருஷம் தனி நாடாக இருந்த மண் சார் இது. 1836 மார்ச் 2 மெக்சிகோவிடமிருந்து சுதந்திரப் பிரகடனம், நாலே நாளில் அலமோ கோட்டையில் அத்தனை பேர் சாவு, ஏப்ரல் 21 சான் ஜசின்டோ போரில் வெற்றி. 1839-லிருந்து அது ஒரு நாட்டின் கொடி. மற்ற மாநிலக் கொடியோடு சேர்த்துப் பேசாதீர்கள். சம உயரம் எங்களுக்கு உரியது.

கால்வெஸ்டன்காரன்: உங்களுக்கு இல்லை என்று யார் சொன்னது? "மட்டும்" என்றீர்களே, அதைக் காட்டுங்கள். ஹவாய் தனி முடியரசாக இருந்தது. வெர்மான்ட் 1777 முதல் 1791 வரை தனியாக இருந்தது, உங்களைவிட அதிக வருஷம்.

பருத்திக்காடு: எதற்கான சுதந்திரம் என்பதையும் சொல்லுங்கள். மெக்சிகோ 1829-லேயே அடிமை முறையை ஒழித்தது. 1836 டெக்ஸஸ் அரசியல் சட்டமோ அடிமைகளை விடுவிக்க அவர்கள் காங்கிரஸுக்கே அதிகாரமில்லை என்று எழுதிவைத்தது.

தனிநட்சத்திரம்: வந்துட்டீங்களா! போன மாசமும் இதே வேலைதான் செய்தீர்கள். மெக்சிகோ அதிபர் சான்டா அன்னா அந்நாட்டின் 1824 அரசியல் சட்டத்தைக் குப்பையில் போட்டதை மட்டும் வசதியாக மறந்துவிடுவீர்கள்.

பருத்திக்காடு: மறக்கவில்லை. டெக்ஸஸின் கால்வெஸ்டனில் அடிமைகளின் விடுதலை ஆணை வாசிக்கப்பட்டது 1865 ஜூன் 19. அதை நீங்கள் ஒருநாளும் எழுதியதில்லை.

எண்ணெய்க்கிணறு: கொடியா சோறு போட்டது? 1901 ஜனவரி 10, போமான்ட் பக்கம் ஸ்பிண்டில்டாப்பில் எண்ணெய் பீறிட்டது. அதற்கு முன் மாடும் பருத்தியும்தான்.

தனிநட்சத்திரம்: அதனால்தான் மின்கட்டமைப்பைக்கூடத் தனியாக வைத்திருக்கிறோம். யார் தயவும் வேண்டாம்.

எண்ணெய்க்கிணறு: 2021 பிப்ரவரி பனியில் மூன்று நாள் கரண்ட் இல்லாமல் குழந்தையைக் காருக்குள் வைத்துச் சூடு காட்டினேன். பக்கத்து மாநிலத்திலிருந்து போதிய மின்சாரம் வாங்க வழியில்லாமல் போனது அந்தத் "தனியாக"வால்தான். என்னிடம் பெருமை பேச வேண்டாம்.

கால்வெஸ்டன்காரன்: பேச்சை மாற்றாதீர்கள். "மட்டும்" எங்கே? சட்டத்தில் ஒரு வரி காட்டுங்கள்.

தனிநட்சத்திரம்: எங்கள் ஊர் பள்ளி வாசலில் இரண்டு கம்பமும் ஒரே உயரம். கண்ணால் பார்க்கிறேன்.

கால்வெஸ்டன்காரன்: ஓஹையோவிலும் அப்படி நட்டுக்கொள்ளலாம். வரி எங்கே?

தனிநட்சத்திரம்: ஓஹையோ எப்போது தனி நாடாக இருந்தது?

கால்வெஸ்டன்காரன்: நான் கேட்டது அதுவா? வரி எங்கே?