கேம்பெய்ன் நடத்துபவர்கள் அமர்வுக் குறிப்பு எப்படி எழுதுகிறீர்கள்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டத்தில் (ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கற்பனைக் கதையில் விளையாடுவது) ஒரு கேம்பெய்ன், அதாவது பல அமர்வுகளாகத் தொடரும் கதை, நடத்துகிறேன். ஆட்டத்துக்கு நடுவே எழுதினால் கதை நின்றுவிடுகிறது, எழுதாவிட்டால் அடுத்த அமர்வுக்குள் பாதி மறந்துபோகிறது. போகிறபோக்கில் பெயர் வைத்த படகோட்டியை இப்போது எல்லோரும் தேடுகிறார்கள், எனக்கோ அவன் பெயரே நினைவில்லை!

பதில் 1:
நடந்ததையெல்லாம் எழுதாதீங்க, யாரும் திரும்பப் படிக்கப் போவதில்லை. மேசையில் எழுத வேண்டியது அந்த நொடியில் நீங்கள் இட்டுக்கட்டியதை மட்டும்தான், அதாவது பெயர், விலை, யாருக்கு யார் என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்பது. “மாறன், படகோட்டி, ஒற்றைக் காது, நமக்கு 50 பொற்காசு தரணும்” என்று ஒரே வரி போதும். மற்றதை ஆட்டம் முடிந்த கையோடு எழுதிவிடுங்கள், மறுநாள் என்று தள்ளினால் போச்சு.

பதில் 2:
சண்டையின் நடுவில் நிறுத்தினால் இனிஷியேட்டிவ் வரிசை (யாருக்குப் பின் யார் முறை), எதிரிகளின் மீதி ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி), யார் எந்த மந்திரத்தில் கான்சன்ட்ரேஷனில் (மந்திரம் கலையாமல் கவனத்தால் தாங்கிப் பிடிப்பது) இருக்கிறார்கள் எல்லாம் வேணும். மேப்பை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில் 3:
கதைச் சுருக்கத்தை ஆட்டக்காரர்களிடமே விடுங்க, ஆளுக்கு ஒரு வாரம். அவர்கள் எதை எழுதுகிறார்கள், எதை விடுகிறார்கள் என்பதிலேயே அவர்களுக்கு எதில் ஆர்வம் என்று தெரிந்துவிடும், அப்புறம் அடுத்த அமர்வைத் தயாரிப்பது பாதி வேலைதான். வில்லன் திரைக்குப் பின்னால் என்ன செய்கிறான் என்பதை மட்டும் தனிக் கோப்பில் வையுங்கள். பகிர்ந்த கோப்பில் போட்டால் யாராவது படித்துவிடுவார்கள்.

கேட்டவர்:
சரி, ஒரு வரி முறையை இந்த வாரமே பார்க்கிறேன். படகோட்டிக்கு மாறன் என்றே வைத்துக்கொள்ளலாமா?