புதுப்பிப்பு: தாராபுரம் செப்புக்காசு டச்சுக் கம்பெனியுடையதுதான்

தாராபுரத்தில் அம்மாயி வீட்டு அடுக்குப்பானையில் கிடைத்த செப்புக்காசு யாருடையது என்று முன்பு கேட்டிருந்தேன். விடை தெரிந்துவிட்டது: டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 'டொய்ட்' என்ற சிறு செப்புக்காசு.

வெளிச்சத்தைச் சாய்வாக விட்டுப் படம் எடுத்ததும் பெரிய 'வி' எழுத்தும், அதன் இரண்டு கால்களிலும் கோத்த 'ஓ', 'சி' எழுத்துகளும் துலங்கின; கம்பெனியின் டச்சுப் பெயரின் முதலெழுத்துகள் அவை. மேலே குட்டிக் கோட்டை. மறுபக்கக் கேடயத்தில் அலைக்கு மேலே பாதி உடம்போடு எழும் சிங்கம், என்ன அழகு! அது நெதர்லாந்தின் சீலாந்து மாகாணச் சின்னம். கோட்டை, அந்த மாகாணத்து மிடில்பர்க் நகர அக்கசாலையின் (காசு அடிக்கும் இடத்தின்) குறி. ஆண்டில் 17 மட்டும் மிச்சம். இவ்வகைக் காசுகள் 1726 முதல் ஆசியப் புழக்கத்துக்கென்றே அடிக்கப்பட்டவை.

நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் கையில் இருந்தது, கொச்சி 1663 முதல் 1795 வரை. கொச்சியிலிருந்து வந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது; பாலக்காட்டுக் கணவாய் நமக்குப் பக்கம்.

அப்புறம், புளி போட்டுத் தேய்க்கச் சொன்னவர்களே, தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். அந்தப் பழுப்புப் படலம்தான் செம்பைக் காக்கிறது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் ஊறவைத்து மண்ணை மட்டும் எடுத்தேன்.

உங்களிடமும் இருந்தால் இரண்டு பக்கமும் படம் போடுங்கள். கேடயம் தெரிந்தால் எந்த மாகாணம் என்று சொல்லிவிடலாம்.