பொருள்: மறு: மறு: 'ரிஃப்'புக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு 'ராக் ஆன்' படம் போடப்போகிறோம். 2008இல் அபிஷேக் கபூர் இயக்கிய இந்திப் படம். 'மேஜிக்' என்று ராக் குழு வைத்திருந்த நான்கு பேர் சண்டை போட்டுப் பிரிந்துவிடுகிறார்கள். ஆளுக்கொரு பிழைப்பு, வருஷக்கணக்கில் பேச்சே இல்லை. அவர்களில் ஒருவனின் மனைவி கையில் பழைய போட்டோப் பெட்டி சிக்கியதும் கதை திரும்புகிறது. இதற்கு ஒரு பக்கத்தில் அறிமுகக் குறிப்பு எழுதுகிறேன். கிட்டார், டிரம்ஸ் எல்லாம் அப்படியே இருக்கட்டும். பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார்த் துண்டான 'ரிஃப்' வரும்போதுதான் இடறுகிறது. 'மீள்பண்' என்று எழுதினேன். படித்துப் பார்த்த மாணவன், "தேவாரமா சார்?" என்கிறான்.

– கிருஷ்ணகிரியிலிருந்து

————

> 'மீள்பண்' என்று எழுதினேன்.

மாணவன் கேட்டது நியாயம்தான் ஐயா. பண் என்றால் ராகம், ரிஃப் ராகமல்ல. நாலைந்து சுரத்தில் ஒரு சின்னத் துண்டு. கிட்டார் அதையே திரும்பத் திரும்ப வாசிக்க, பாட்டு அதன்மேல் ஏறி நிற்கும். டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாட்டைக் கேட்டிருப்பீர்கள். 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோவில் சூதாட்ட விடுதி பற்றி எரிந்ததை அந்தக் குழுவினர் நேரில் பார்த்தார்கள். ஏரிமேல் படர்ந்த அந்தப் புகைதான் பாட்டு. வரி ஒன்றுகூடத் தெரியாதவனும் குழுவின் கிட்டார்காரர் ரிச்சி பிளாக்மோர் வாசித்த அந்த நான்கு சுரத்தை வாயாலேயே வாசித்துக் காட்டுவான்.

எங்கள் ஊரில் மாசியில் மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கும். பம்பை மேளக்காரருக்கு சாமியை அழைக்க ஒரு அடி, அருள் ஏற வேறொரு அடி. தெருமுனையில் அடி மாறினால் போதும், அடுப்படியில் இருக்கிற கிழவி எட்டிக்கூடப் பார்க்காமல் "சாமி கெளம்பிடுச்சு" என்பாள். ரிஃப் செய்வதும் இதே வேலைதான். சொல் இங்கேயே இருக்கும்போது நிகண்டை ஏன் புரட்ட வேண்டும்? கிட்டார் என்பதால் 'தந்தியடி' என்று வைக்கலாம்.

– காவேரிப்பட்டணத்திலிருந்து

————

> 'தந்தியடி' என்று வைக்கலாம்.

அண்ணா, தந்தியடி என்றால் ஆள் தபாலாபீஸுக்கு ஓடுவான்! 2013இல் தந்திச் சேவையே மூடியாகிவிட்டது, சொல் மட்டும் இன்னும் சாகவில்லை.

'அடி' எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வெறும் அடி என்றால் தாளம் மட்டும்தான் நினைவுக்கு வரும்; ரிஃப்பில் சுரமும் உண்டே. 'மெட்டடி' என்போமா? மெட்டு என்றால் பாட்டின் இசை என்பது எல்லாருக்கும் தெரியும். வீணையில் விரல் வைக்கிற 24 கட்டைக்கும் மெட்டு என்றுதான் பெயர், கிட்டார் கழுத்திலும் அதே சங்கதி இருக்கிறது. 'கொக்கி' என்ற சொல்லை இதோடு குழப்ப வேண்டாம், அதை 'ஹுக்'குக்கு, அதாவது பாட்டில் காதைப் பிடித்து இழுக்கிற துண்டுக்கு, வைத்துக்கொள்வோம். ஹுக் பாடகர் வாயிலும் வரலாம், மெட்டடி பெரும்பாலும் வாத்தியத்தின் சொத்து.

உங்கள் குறிப்பில் போட்டோவைப் பற்றி நிறைய எழுதுவீர்கள் என்று தெரியும். இதையும் இரண்டு வரி சேருங்கள். போட்டோவைப் பார்த்தால் அன்றைக்கு எப்படி இருந்தோம் என்று தெரியும். பழைய மெட்டடியை ஒருவன் வாசித்தால், மற்றவன் எந்த இடத்தில் வந்து சேர வேண்டுமோ அந்த இடம் காலியாகக் கேட்கும். நான்கு பேரில் ஒருவர் குறைந்தாலும் காதுக்கு உடனே தெரிந்துவிடும்.

– பென்னாகரத்திலிருந்து

————

'மெட்டடி' என்றே போட்டுவிட்டேன். காலி இடம் பற்றிய வரியையும் எடுத்துக்கொண்டேன், நன்றி தம்பி.

வினையாக்கும்போது மட்டும் கவனம். 'மெட்டடித்தான்' என்றால் நம் சினிமா ரசிகர்கள் திருட்டு மெட்டு என்றுதான் படிப்பார்கள். 'மெட்டடி வாசித்தான்' என்பதே பத்திரம். பதிவு செய்த துண்டைச் சுற்றிச் சுற்றி ஓடவிடும் 'லூப்'புக்கும் இதையே வைக்கலாமா என்று இங்கே யாரும் தொடங்க வேண்டாம், அதற்குத் தனி இழை போடுங்கள். குறிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆட்சேபம் இருப்பவர்கள் அதற்குள் எழுதவும்.

– கிருஷ்ணகிரியிலிருந்து