பாதுகாப்புக்காகத்தான் கட்டினோம் என்றார்கள்

தூக்கமில்லாதவள்:
அப்பாவுக்கு மறதி நோய். இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து முதியோர் இல்லத்தில் விட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை. அன்று வழக்கத்தைவிடச் சீக்கிரம் போய்விட்டேன். வலது மணிக்கட்டில் காஸ் துணி, அதன் மறுமுனை கட்டில் கம்பியில். "யூரின் ட்யூபைப் பிடுங்கிடுறார்மா, அவர் பாதுகாப்புக்குத்தான்" என்றார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முடிச்சு இறுகிப்போய் நகத்துக்கு அசையவே இல்லை. குனிந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அப்பா என் காதருகே சொன்னார், "இனிமே சமத்தா இருக்கேன்னு சொல்லும்மா."

இரவு டியூட்டி:
கேட்டிருக்க வேண்டும், சரி. ஆனால் இரவில் 30 பேருக்கு நாங்கள் இரண்டே பேர். யாராவது விழுந்தால், ஏன் பார்த்துக்கொள்ளவில்லை என்று முதலில் சண்டைக்கு வருவது குடும்பத்தார்தான். கட்டிப்போடுங்கள் என்று சொன்ன பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். நான் யாரையும் துணியால் கட்டியதில்லை, இரண்டு பக்கக் கம்பியையும் ஏற்றிவிட்டுப் போவேன், அது கட்டுவதில் சேராது என்று நினைத்திருந்தேன். ஒரு பாட்டி கம்பிக்கு மேலே ஏறி அந்த உயரத்திலிருந்து விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கினால் சேலை நனைந்திருந்தது, பாத்ரூம் போகத்தான் எழுந்திருக்கிறார். கூப்பிடும் பொத்தான் அவர் கைக்கு எட்டாமல் கட்டிலுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

பெரியம்மா பையன்:
ஆள் பற்றாக்குறை உண்மைதான், அதற்கான விலையைப் படுத்திருப்பவர் ஏன் கொடுக்க வேண்டும்? என் அம்மாவைக் கட்டவில்லை, மாத்திரை கொடுத்தார்கள். கரண்டி பாதி வழியில் நிற்க, வாயைத் திறந்தபடியே தூங்கிவிட்டார். அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்டிஏவுக்கு 1985 முதல் 2009 வரை வந்த கட்டில் கம்பியில் சிக்கிய 803 சம்பவங்களில் 480 பேர் இறந்திருக்கிறார்கள். மனநோய்க்கான சில மருந்துகள் மறதி நோயுள்ள முதியவர்களின் உயிருக்கு ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அதே எஃப்டிஏ 2005லேயே எச்சரித்தது. எழ முடியாதபடி பலகை பூட்டிய நாற்காலி, எட்டாத இடத்தில் வைத்த ஊன்றுகோல், எல்லாம் கட்டுவதுதான். அதனால் கேளுங்கள்: யார் உத்தரவு, எதற்காக, எப்போது அவிழ்ப்பீர்கள், எங்கே எழுதியிருக்கிறீர்கள்? திடீரென்று குழப்பம் கூடினால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூக்குக் கண்ணாடியும் காது மெஷினும் போட்டிருக்கிறார்களா? கட்டிலைத் தரையோடு தாழ்த்தி, பக்கத்தில் மெத்தை போடலாம். கட்டியே வைத்திருந்தால் கால் தசை வற்றிவிடும், அவிழ்த்த பிறகு இன்னும் சுலபமாக விழுவார்கள். அப்புறம், அந்த ட்யூப் தேவைதானா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

தூக்கமில்லாதவள்:
அப்பா இப்போது இல்லை. ட்யூப் பற்றி அன்று சாயங்காலமே கேட்டேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இதை இரண்டு நாள் முன்னாடியே எடுத்திருக்கலாமே என்று எடுத்துவிட்டார்.